வரும் கடிதம் வரும், போகும் கடிதம் போகாது

1

என் கணவர் இறந்து ஒரு வருடமாகிறது. ஆட்டைத்திவசத்தை அவர் பிறந்த, மட்டக்களப்புப் பக்கத்து மண்டூரிலேயே செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். ஆறு மாதம் பனியும், மிச்ச ஆறு மாதம் பனி வரப்போகிறதே என்ற பயமுமாக இருக்கும் ஒரு வடதேசத்து ஊரில், இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். லீவு வாங்கி, அவருடைய பழைய மடிக்கணினியைச் சேலைகளுக்கு நடுவே சுற்றி வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

மகன் சஜீவன் வரவில்லை. பதினேழு வயது. பரீட்சை என்றான். என்ன பரீட்சை, எப்போது என்று கேட்டதற்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். கொள்ளி வைத்த பிள்ளை திவசத்துக்கு வராமல் இருப்பதா என்று கதவைப் பார்த்துக் கத்தினேன். கதவு என்ன செய்யும், பாவம்.

மண்டூரில் தங்கியது யோகம் மச்சாள் வீட்டில். அவருடைய அக்கா. வந்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, மச்சாளின் போனிலிருந்து இணையம் எடுத்து மடிக்கணினியைத் திறந்தேன். ஒன்பது கடிதங்கள் வந்து விழுந்தன. எட்டு விளம்பரம். ஒன்பதாவது பெயர்ப் பதிவு அலுவலகத்திலிருந்து வந்திருந்தது.

அதை நாலு தடவை வாசித்தேன். உங்கள் மகன் சஜீவன் பூபாலபிள்ளை, தன் குடும்பப் பெயரை ஹொல்ம் என்று மாற்றக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். பெற்றோர் என்ற முறையில் உங்களுக்கு ஆட்சேபனை இருந்தால், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு முன், பதிவில் உள்ள இதே மின்னஞ்சல் முகவரியிலிருந்து பதில் எழுதவும். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும்.

பூபாலபிள்ளை என் கணவரின் பெயர். நம் ஊரில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது என்பதை அந்த நாட்டுக் குடிவரவு மேசைக்காரிக்கு விளக்க முடியாமல், அன்றைக்கு அவர் தன் பெயரையே குடும்பப் பெயராக எழுதிக் கொடுத்தார். அதனால் நானும் பூபாலபிள்ளை, பிறந்த பிள்ளையும் பூபாலபிள்ளை. ஹொல்ம் என்றால் சின்னத் தீவு என்று அர்த்தம். எங்கள் தெருவில் மட்டும் மூன்று ஹொல்ம்கள் இருக்கிறார்கள். அதில் ஒருத்தர் நாய் வளர்க்கிறார், அதை எங்கள் படலைக்கு முன்னால் கழிக்க விட்டுவிட்டுப் போவார்.

திவசத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது தகப்பனின் பெயரைக் கழற்றிப் போடப் பார்க்கிறான். கட்டிலில் இருந்துகொண்டு வாய்விட்டு அழுதேன்.

2

அழுது முடித்து, பதில் எழுதினேன். அந்த நாட்டு மொழியில் என் அறிவு சலவைக்கூடத்து அறிவு. துவாய், இரத்தக்கறை, அறுபது பாகை வெந்நீர் எல்லாம் சரளமாக வரும். ஆட்சேபனை வராது. இருந்தாலும் எழுதினேன். இந்த விண்ணப்பத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன், என் கணவர் கௌரவமானவர், நீங்கள் இதற்கு இடம் கொடுக்கக்கூடாது. அனுப்பு என்ற பொத்தானை அமத்தினேன்.

சிவப்பு எழுத்தில் ஒரு பெட்டி வந்தது. இந்த இணைப்பிலிருந்து உங்கள் கடிதத்தை ஏற்க முடியாது.

மறுபடி அமத்தினேன். மறுபடி சிவப்பு. கடிதம் வருகிறது, போக மட்டும் மாட்டேன் என்கிறது. உலகத்தில் உள்ள விளம்பரமெல்லாம் என்னிடம் வந்து சேரலாம், என்னால் ஒரு சொல் திருப்பிச் சொல்ல முடியாது.

இணையப் பக்கத்துக்குள் போய் அங்கிருந்து அனுப்பலாமே என்று கேட்பீர்கள். போனேன். அவர் போட்ட பாஸ்வேட்டைக் கேட்டது. தெரியாது என்றதும், உங்கள் போனுக்கு ஒரு இலக்கம் அனுப்பியிருக்கிறோம், அதை எழுதுங்கள் என்றது. அந்த போன் சிம்மை வீட்டில் மகனிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். வீட்டு வாடகை, மின்சாரம் என்று யாராவது கூப்பிட்டால் அவன் பேசட்டும் என்று. இப்போது அவனைக் கூப்பிட்டு, மகனே, உனக்கு எதிராக ஒரு கடிதம் அனுப்பப் போகிறேன், அந்த இலக்கத்தைச் சொல் என்று கேட்க வேண்டும். அதற்கு என் வாய் வரவில்லை.

அலுவலகத்துக்கு போன் எடுத்தேன். அரை மணி நேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒருத்தி, எழுத்தில் மட்டும்தான், பதிவான முகவரியிலிருந்து மட்டும்தான் என்றாள். மிகவும் அன்பாகச் சொன்னாள். அந்த அன்புக்கு ஏசக்கூட முடியாது.

மச்சாளிடம் விஷயத்தைச் சொன்னேன். தம்பியின் பெயர் போகிறதென்றால் துடித்துப்போவாள் என்று நினைத்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகை வைக்கவே இல்லை.

"அதுக்கு ஏன் புள்ள இந்த அழுகை அழுறாய்? குடி உன்ர குடிதானே. தாய்ர வழியாத்தானே நமக்குக் குடி. அத எந்தக் கந்தோர் மாத்தும்?"

"குடி கிடக்கட்டும் மச்சாள். அவர்ர பேர்?"

"பேர் அவன் செத்த அண்டைக்கே அவனோட போயிட்டு. பொடியன் என்ன பேரில இருந்தாலும் திருவிழாவுக்கு வந்தா உன்ர குடியிலதான் நிப்பான்."

மட்டக்களப்பில் பிறந்த பெண்ணுக்கு இது தெரியாததல்ல. குடி என்கிற குல வரிசையும், கோயிலில் உரிமையும், சடங்கில் இடமும் தாய் வழியில்தான் எண்ணப்படும். தகப்பனின் பெயரைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் பழக்கம் எனக்குக் கடல் கடந்த பிறகு வந்தது. அங்கே எங்களிடம் குடி இல்லை, கோயில் இல்லை, வயல் வட்டை இல்லை. கதவில் ஒட்டிய பெயர்ப் பலகை ஒன்றுதான் இருந்தது. அதில் அவர் இருந்தார்.

3

மண்டூர், மட்டக்களப்பு வாவிக்குப் படுவான்கரைப் பக்கம், அதாவது பொழுது சாயும் கரை. கடைகளும் கந்தோர் என்கிற அலுவலகங்களும் பெரும்பாலும் எதிர்க்கரையில். வியாழக்கிழமை குருமண்வெளிக்குப் பாதை எடுத்தேன். இங்கே பாதை என்றால் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றித் தண்ணீரைக் கடத்தும் தட்டையான படகு. அங்கிருந்து ஓட்டோவில் களுவாஞ்சிகுடி.

கொம்பியூட்டர் கடையில் கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை இருந்தாள். நிலைமையைச் சொன்னதும், "அன்ரி, நீங்க வெளிநாட்டுக் கம்பனிட சேர்வர் போட்டு வச்சிருக்கிறீங்க. நம்மட லைனுக்கு நம்மட கம்பனிட சேர்வர் போடணும்" என்று எதையோ அழித்து எதையோ எழுதினாள். நான் இரண்டாவது கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் கடிதம்தான் போகவில்லையே, செத்த கடிதம் என்று நினைத்தேன். இரண்டு நாளில் என் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. இந்த முறை கெஞ்சினேன். தயவுசெய்து பொறுங்கள், நான் ஊர் திரும்பி அவனுடன் பேசுகிறேன், ஒரு மாதம் தாருங்கள்.

அனுப்பு அமத்தக் கை போனபோது கரண்ட் போனது. மடிக்கணினிக்கு உயிர் இருந்தது, கடையின் இணையத்துக்கு இல்லை. நான் அமத்திக்கொண்டே இருந்தேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அந்தப் பிள்ளை எனக்கு ஒரு நெக்டோ சோடா வாங்கித் தந்தாள். கடைசிப் பாதைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிவிட்டேன்.

மண்டூருக்கு வந்து மச்சாளின் போனில் முயன்றால், மறுபடி சிவப்புப் பெட்டி. களுவாஞ்சிகுடிக் கடையின் லைனுக்கு எழுதியது களுவாஞ்சிகுடிக் கடையில் மட்டும்தான் செல்லுபடி. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. என் விதி என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திவசம். மச்சாளின் மகன்தான் எல்லாம் செய்தான். இறந்தவரின் பெயரை ஐயர் கேட்டபோது, "பூபாலபிள்ளை" என்று அவன் உரத்துச் சொன்னான். என் மகன் சொல்லவேண்டிய பெயர். ஐயர் போன பிறகு, எங்கள் பக்க வழக்கப்படி, படையல் இலையில் இறால் வறையும் கணவாயும் வைத்திருந்தோம், அவருக்குப் பிடித்தவை. எனக்கு ஒரு பருக்கை இறங்கவில்லை.

4

திங்கட்கிழமை மட்டக்களப்பு டவுனுக்குப் போனேன். வாவிக்கரையில் ஒரு விருந்தினர் விடுதி. வேகமான இணையம் என்று பலகையில் போட்டிருந்ததால் ஒரு நாள் அறை எடுத்தேன். வேகமாகத்தான் இருந்தது. சிவப்புப் பெட்டி உடனே வந்தது.

மனேஜர் வந்து, தனக்குத் தெரிந்தபடி தங்கள் லைனின் சேர்வர் பெயரை எழுதினார். இன்னும் ஒரு சிவப்பு. வேறொரு இலக்கம் போட்டார். இப்போது பெட்டியில் எழுத்து மட்டும் மாறியது. "மெடம், இதில நீங்க யாரெண்டு அதுக்கு விளங்குதில்ல" என்றார். என் கையில் இருந்த பிளாஸ்டிக் கதிரையின் பிடியை முறித்துவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கோபத்தில் எழுதியது மூன்றாவது கடிதம். அதை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது. என் மகன் தகப்பனின் பெயருக்கு வெட்கப்படுகிறான் என்று எழுதினேன். உங்கள் பள்ளிக்கூடங்கள்தான் அவனுக்கு அந்த வெட்கத்தைப் படிப்பித்தன என்று எழுதினேன். தகப்பன் அவனுக்காக பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகைக் குளிரில் வீதிப்பனி வழித்தவர், அவர் எரிந்து ஒரு வருடம்தான் ஆகிறது, அதற்குள் தூக்கி எறிகிறான் என்று எழுதினேன். எழுத எழுத இனித்தது. போகாத கடிதத்தில் என்ன எழுதினால் என்ன என்ற தைரியமும் உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும். அமத்தினேன், சிவந்தது, மூடினேன்.

செவ்வாய்க்கிழமை மண்டூர் திரும்பும்போது, பாதையின் நடுத்தண்ணீரில், மச்சாளிடம் இரவல் வாங்கிப் போன போனில் நாலு கோடு சிக்னல் காட்டியது. மீன் பெட்டி ஒன்றின் மேல் மடிக்கணினியை வைத்துத் திறந்தேன். பாதைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னகா தங்கச்சி, கந்தோர் வேலையா?"

"ஓம் அண்ணன். கொஞ்சம் மெதுவா விடுவீங்களா?"

"இதுக்கு மேல மெதுவாப் போனா பாதை நிண்டிரும்."

உண்மையாகவே மெதுவாகத்தான் விட்டார். அந்தப் பக்கம் நின்ற ஆட்கள் முணுமுணுத்தார்கள். நான் நாலாவது கடிதம் எழுதினேன். அதில் எதிர்ப்பு ஒன்றும் இல்லை. அவர் எப்படிச் செத்தார் என்று எழுதினேன். வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்தில் இருந்தவர் அப்படியே சரிந்தார், எனக்குச் செய்தி வந்தபோது நான் துவாய் மடித்துக்கொண்டிருந்தேன், பாதி மடித்ததை முழுதாக மடித்துவிட்டுத்தான் போனேன், ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு பெயர்ப் பதிவு அலுவலகத்துக்கு இதை எழுதுகிற பைத்தியம் யாராவது இருப்பார்களா? கரை தட்டியது. கடிதம் போகவில்லை.

மூன்று நாள் மிச்சம் இருந்தது.

5

புதன்கிழமை மச்சாள், "காத்தான்குடிக்குப் போ. போன் திருத்துற ஜெமீல் நானா இருக்கிறார், அவருக்கு ஏலாட்டி ஒருத்தருக்கும் ஏலாது" என்றாள்.

முஸ்லிம் ஊர்களில் நானா என்றால் அண்ணன். ஜெமீல் நானாவின் கடை ஒரு அலுமாரி அகலம். கத்தாரில் பத்து வருடம் ஒரு கம்பனியின் கணினிகளைப் பார்த்தவராம். மடிக்கணினியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். களுவாஞ்சிகுடிப் பிள்ளை எழுதியதையும், மனேஜர் எழுதியதையும் வாசித்துத் தலையில் கை வைத்தார்.

"அக்கா, இதுக்கு வாற கதவு வேற, போற கதவு வேற. வாற கதவுக்கு ஒங்கட பேரும் பாஸ்வேட்டும் குடுத்திரிக்கி. அதால எந்த ஊருல இருந்தாலும் தொறக்கும். போற கதவுக்கு ஒண்டுமே குடுக்கல்ல. ஒங்கட ஊட்டு லைன்ல இருந்து வந்தா மட்டும் ஆளத் தெரியும் எண்டு உடும். மத்த லைன்ல இருந்து வந்தா, கள்ளக் கடிதம் அனுப்புறவன் எண்டு நெனச்சிச் சாத்திரும்."

"பாஸ்வேட் எனக்குத் தெரியாதே நானா. எல்லாம் அவர் போட்டது. அவர் இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"தெரியத் தேவல்ல. வாற கதவுட தெறப்பையே, அந்தப் பாஸ்வேட்டையே, போற கதவுக்கும் பாவிக்கச் சொல்லி ஒரு கட்டம் இரிக்கி. அதுக்கு ஒரு சரி போடணும். ஊட்டுக் கம்பனிட பேரயே திரும்பப் போட்டு, இலக்கத்த மட்டும் மாத்தினாச் சரி. பொறகு நீங்க சீனாவுக்குப் போனாலும் போகும்."

ஒரு சின்னச் சதுரம். அதற்குள் ஒரு சரி. ஒன்பது நாள் நான் இதற்காகவா தண்ணீருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினேன் என்று சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஐந்தாவது கடிதம் எழுதினேன். இரண்டே வரி. நான் தாய். நான் ஆட்சேபிக்கிறேன். அமத்தினேன்.

சிவக்கவில்லை. திரையின் அடியில் ஒரு கோடு ஓடியது. ஐந்தில் ஒன்று அனுப்பப்படுகிறது என்றது.

"நானா, ஏன் ஐஞ்சு?"

"முந்திப் போகாததெல்லாம் வெளிப்பெட்டியில நிக்கிதானே அக்கா. இப்ப வழி தொறந்திட்டு, எல்லாம் போகும்."

ஐந்தில் இரண்டு. நான் கத்தினேன். நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க என்று திரையைக் கையால் மறைத்தேன், மறைத்தால் நிற்கும் என்பதுபோல. அவர் இணையக் கம்பியைப் பிடுங்க எழும்புவதற்குள் ஐந்தில் ஐந்து. பக்கத்துக் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரிக்கோலுடன் எட்டிப் பார்த்தார். நான் அங்கேயே குந்திவிட்டேன்.

6

வியாழக்கிழமை காலை அலுவலகத்தின் பதில். அதே அன்பு.

உங்களிடமிருந்து ஐந்து கடிதங்கள் பெற்றோம். அவை ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. உங்கள் கணவரின் மறைவுக்கு எமது அனுதாபங்கள். இவற்றில் எது உங்கள் முடிவான நிலைப்பாடு என்பதை நாளை நண்பகலுக்கு முன் அறியத் தரவும். நீங்கள் எல்லாருக்கும் பதில் என்று அனுப்பியிருப்பதால், விண்ணப்பதாரருக்கும் பிரதிகள் சென்றுள்ளன.

விண்ணப்பதாரர் என்றால் என் மகன்.

நான் அனுப்பிய கடிதத்தைத் திறந்து அதன் தலைப்பைப் பார்த்தேன். ஆம், பெறுநர் வரியில் இரண்டு முகவரி. அலுவலகம் தன் முதற் கடிதத்தை அவனுக்கும் ஒரு பிரதியாக அனுப்பியிருந்திருக்கிறது. என் கணவர், யாரையும் விட்டுவிடக்கூடாது என்ற தன் குணத்தின்படி, பதில் என்று அமத்தினால் எல்லாருக்கும் போகும்படி வைத்திருந்திருக்கிறார். நான் ஒருநாளும் அந்த வரியைப் பார்த்தது கிடையாது. கடிதத்தில் என் மொழி பிழையாகாமல் இருந்தால் போதும் என்றுதான் என் கவலையெல்லாம்.

அப்படியென்றால் அவன் மூன்றாவதை வாசித்துவிட்டான். வெட்கப்படுகிறான், தூக்கி எறிகிறான் என்பதை வாசித்துவிட்டான். துவாயையும் வாசித்துவிட்டான். அவனுக்கு எத்தனை தடவை போன் எடுத்தேன் என்று எண்ணவில்லை. மணி அடித்தது, அடித்தது, நின்றது. மச்சாள் சோறு போட்டுத் தந்தாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். இந்தப் பிள்ளையையும் தொலைத்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?" என்றாள் மச்சாள். ஆனால் அவள் குரலும் சரியில்லை.

7

அன்று பிற்பகல் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இணைப்பாக இன்னொரு கடிதம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு ஒன்பது வயதானதிலிருந்து, நான் எந்தக் கந்தோருக்கு எழுதினாலும் அவன்தான் திருத்துவான். வெளிநாட்டில் நம் வீடுகளில் பாதிக்கு மேல் இதுதான் நடக்கிறது, வெளியே சொல்வதில்லை. பல் வைத்தியருக்கு, நேரத்துக்கு வராததற்கு மன்னியுங்கள் என்று எழுதப்போய், உங்களை மன்னித்தேன் என்று எழுதியவள் நான். அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் திருத்தித் தந்தான். அவர் இறந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. திருத்துவதை மட்டும் செய்துகொண்டிருந்தான், ஒரு சொல் பேசாமல்.

அவன் கடிதம் தமிழில், ஆங்கில எழுத்தில் இருந்தது. "அம்மா, அஞ்சையும் ஒண்டாக்கி எழுதியிருக்கிறன். உங்கட கடிதத்தில காரணம் பலமா இல்ல, இப்படி எழுதினாத்தான் அவங்கள் ஏற்பாங்கள். ஒரு பிழைதான் பெரிய பிழை. அதத் திருத்தியிருக்கிறன். நாளைக்குப் பன்னிரண்டுக்கு முதல் அனுப்புங்க. நான் கோவிக்க மாட்டன்."

இணைப்பைத் திறந்தேன். நான் எழுதியதுபோலவே, என் பெயரில், எனக்கு ஒருநாளும் வராத சுத்தமான மொழியில், மகனின் விண்ணப்பத்தை எதிர்க்கும் கடிதம். தனக்கு எதிராகத் தானே எழுதியது. சட்டத்தின் எந்தப் பிரிவு தாய்க்கு இடம் தருகிறது என்றுகூடத் தேடி எழுதியிருந்தான். பனி வழித்ததை விடவில்லை. துவாயையும் விடவில்லை. வெட்கப்படுகிறான் என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இப்படி எழுதியிருந்தான்.

என் மகன் வெட்கப்படவில்லை. தகப்பன் இறந்த அன்று, பள்ளிக்கூட ஒலிபெருக்கியில் பூபாலபிள்ளை கந்தோருக்கு வரவும் என்று அவனைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை அவர்கள் உடைத்துச் சொன்ன விதத்துக்குச் சிநேகிதர்களுடன் சேர்ந்து அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் கந்தோருக்குள் போனான். அங்கேதான் சொன்னார்கள். அதற்குப் பிறகு யார் அந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் அவனுக்கு அதே ஒலிபெருக்கிதான் கேட்கிறது. இருந்தாலும் தாயாகிய நான் ஆட்சேபிக்கிறேன்.

ஒரு வருடம் அந்தப் பிள்ளை என் எதிரே இருந்து சாப்பிட்டான். நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவன் முன்னால் அந்தப் பெயரைச் சொன்னேன். பூபாலபிள்ளையின் மகனா நீ என்று எத்தனை தடவை ஏசினேன். என்னால் உட்கார முடியவில்லை. மச்சாளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஊர் கேட்க அழுதேன். அவளிடம் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் என்னைவிட அதிகமாக அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறாவது கடிதம் எழுதினேன். எனக்கு ஆட்சேபனை இல்லை. முன்பு அனுப்பிய ஐந்தையும் கிழித்துப் போடுங்கள். மின்னஞ்சலைக் கிழிக்க முடியாது என்று எனக்கும் தெரியும். அதற்குச் சரியான சொல் எது என்று தெரியவில்லை. அவனிடம் திருத்தக் கொடுக்கவும் இல்லை. பிழையோடு அமத்தினேன்.

மச்சாளின் போனில் சிக்னல் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. முதல் அமத்தலிலேயே போய்விட்டது.